ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யப் போகிறீர்களா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டிய பிறகு நம் ஊரில் பலருக்கு ஒரு புதுக் கவலை வந்திருக்கிறது. ராத்திரி துடிப்பு 47 என்று காட்டுகிறது, மாடி ஏறினால் 140 என்கிறது, எச்.ஆர்.வி. (துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) என்று ஏதோ ஒரு எண் நேற்று 52, இன்றைக்கு 31. பக்கத்து வீட்டுப் பையனுக்கு 80 வருகிறதாம். இதை வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டு, கடைசியில் டாக்டரிடம் போனால் "24 மணி நேர ஹோல்டர் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்பார். அங்கிருந்துதான் அலைச்சல் ஆரம்பம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் மகள், நான், எழுபது தாண்டிய மாமனார் என்று மூன்று பேருக்கும் வெவ்வேறு காரணத்துக்காக ஹோல்டர் எடுக்க வேண்டி வந்தது. காசு போனது ஒரு பக்கம், ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகும் அதில் எது எந்த வயதுக்கு இயல்பு என்று யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லவில்லை. அதனால் இது. வரிசையாகச் சொல்கிறேன், நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்களோ அங்கிருந்து படித்தால் போதும்.

ஹோல்டர் என்பது சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி. மார்பில் ஐந்தோ ஏழோ ஸ்டிக்கர் ஒட்டி, வயரால் அதோடு இணைத்து, ஒரு நாள் முழுக்க இ.சி.ஜி. பதிவு செய்யும். சாதாரண இ.சி.ஜி. பத்து செகண்டில் பத்துப் பன்னிரண்டு துடிப்பைப் பார்க்கிறது. இது கிட்டத்தட்ட ஒரு லட்சம் துடிப்பைப் பார்க்கும். ஊசி கிடையாது, வலி கிடையாது.

1. முதலில், உங்களுக்கு இது வேண்டுமா?

நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல், துடிப்பு விட்டு விட்டு அடிப்பது, இவற்றில் ஒன்று அடிக்கடி வருகிறது என்றால் ஹோல்டருக்கு அர்த்தம் உண்டு. எந்தத் தொந்தரவும் இல்லை, வாட்ச் காட்டும் எண் மட்டும்தான் பிரச்சினை என்றால் பல டாக்டர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அவர்கள் சொல்வது சரி. அப்படிப்பட்டவர்கள் நேராக 10-ஆம் படிக்குப் போய்விடுங்கள், காசு மிச்சம்.

மயங்கி விழுந்தவர்கள், நடந்தால் நெஞ்சு வலிப்பவர்கள், மூச்சு முட்டுபவர்கள், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருப்பவர்கள், இவர்கள் எல்லாரும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இதய நோய் நிபுணரைப் பாருங்கள். இப்போதே நெஞ்சு வலி என்றால் 108.

இன்னொன்று, ஹோல்டருக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு அதிகம் சுரந்தாலும் துடிப்பு நாள் முழுக்க ஏறித்தான் நிற்கும். சில நூறு ரூபாயில் விடை கிடைக்கிற இடத்தில் சில ஆயிரம் செலவழிக்க வேண்டாம். குறிப்பாகப் பெண்களுக்கு இதைச் சொல்கிறேன், அவர்களுக்கு "டென்ஷனா இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுவது இங்கே ரொம்ப சாதாரணம்.

2. டாக்டர் சீட்டும் மற்ற காகிதங்களும்

லேபுக்கு நேராகப் போய் "ஹோல்டர் எடுக்கணும்" என்றால் சில இடத்தில் எடுத்துவிடுவார்கள், சில இடத்தில் டாக்டர் எழுதின சீட்டு கேட்பார்கள். சீட்டோடு போவதுதான் நல்லது, ஏனென்றால் எதற்காக எடுக்கிறோம் என்பது அதில் இருந்தால்தான் ரிப்போர்ட் எழுதுபவர் அதைத் தேடிப் பார்ப்பார். "படபடப்பு, வாரத்தில் இரண்டு மூன்று முறை, பெரும்பாலும் ராத்திரி" என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவை இருக்கட்டும்: ஆதார் நகல், டாக்டர் சீட்டு, பழைய இ.சி.ஜி. அல்லது எக்கோ இருந்தால் அது, ரத்தப் பரிசோதனை முடிவு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரும் அளவும். பெயர் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையையே கொண்டுபோங்கள். பிரஷருக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாவுக்கு இழுக்கும் சால்பியூட்டமால் துடிப்பை ஏற்றும். இது தெரியாமல் ரிப்போர்ட் எழுதினால் எண்கள் எல்லாம் தப்பாகப் படிக்கப்படும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், நிறுத்த வேண்டுமா என்று சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள்.

3. எங்கே, எவ்வளவு ஆகும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் இரண்டு இடத்திலும் தனியார் மருத்துவமனைகளிலும் ஸ்கேன் சென்டர்களிலும் எடுக்கிறார்கள். 24 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,500 முதல் 4,000 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஃபீஸ், ஒரு சாதாரண இ.சி.ஜி. எல்லாம் சேர்த்தால் இன்னும் ஒரு ஆயிரம். ஃபோனில் விலை கேட்கும்போது மூன்று விஷயம் சேர்த்துக் கேளுங்கள். ரிப்போர்ட்டை இதய நோய் நிபுணர் பார்த்துக் கையெழுத்துப் போடுவாரா? எச்.ஆர்.வி. பக்கம் உண்டா? பதிவு பாதியில் நின்றுபோனால் திரும்ப மாட்ட மறுபடியும் காசு வாங்குவீர்களா?

மூன்றாவது கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. மாமனாருக்கு எடுத்த இடத்தில் ராத்திரி ஸ்டிக்கர் இரண்டு கழன்றுவிட்டது. ஆறு மணி நேரம் வெறும் கோடு. "நீங்க சரியா வெச்சுக்கல" என்று சொல்லி முழுக் காசும் மறுபடி வாங்கினார்கள். மாட்டுவதற்கு முன்பே கேட்டு வைத்திருந்தால் வாதாடவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் போன உடனே கருவி மாட்டிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். ஓ.பி. சீட்டு, இ.சி.ஜி., டாக்டர் பார்வை என்று ஒவ்வொன்றாகத்தான் நகரும். காலையிலேயே போய்விடுங்கள், அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எங்கே போனாலும் பில் போடுவதற்கு முன்பே கவுண்டரில் காட்டிக் கேளுங்கள். தனியார் மெடிக்ளெய்ம் பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் பணம் தரும், வெளியே எடுக்கும் பரிசோதனைக்குக் கைக்காசுதான்.

களியக்காவிளை, குழித்துறை ஆட்கள் எதற்கெடுத்தாலும் திருவனந்தபுரம் போகிற பழக்கம் உண்டு. இதற்குப் போகாதீர்கள். மாட்ட ஒரு நாள், கழற்ற ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள் என்று பஸ்ஸில் தொங்க வேண்டியிருக்கும். கருவி எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான், ரிப்போர்ட் வந்த பிறகு பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போது போகலாம்.

4. எந்த நாள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்

உங்கள் சாதாரண நாள் எப்படியோ அப்படி ஒரு நாள் வேண்டும். கல்யாண வீடு, கோட்டார் சவேரியார் கோயில் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, இந்தச் சமயத்தில் ராத்திரி தூக்கம் இருக்காது, எடுக்காதீர்கள். காய்ச்சல் விட்ட கையோடும் வேண்டாம். உடம்பு சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்குப் பத்து வாக்கில் ஏறும், காய்ச்சல் விட்ட பிறகும் சில நாள் அந்த அசதி பதிவில் தெரியும்.

சனிக்கிழமை மாட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டியிருந்தால் திங்கட்கிழமை வரை அந்தப் பெட்டி உங்கள் பொறுப்பு.

மார்ச் முதல் மே வரை வியர்வைதான் எதிரி. ஸ்டிக்கர் நழுவும், துடிப்பும் வெயிலுக்குச் சற்று ஏறியே இருக்கும். அவசரம் இல்லை என்றால் ஜூனில் மழை பிடித்த பிறகு எடுங்கள். அவசரம் என்றால் ஃபேனுக்குக் கீழே இருக்கிற நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பொறுத்தும் யோசிக்க வேண்டும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்பார்கள், அவர்களுக்குத் துடிப்பு ஏறும் நேரமும் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே இருக்கும். அது நோய் இல்லை, ஆனால் ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு அது தெரிய வேண்டும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ராத்திரி கடலுக்குப் போகிறவர்கள் கருவியோடு வள்ளத்தில் ஏற முடியாது, நனைந்தால் முடிந்தது. கரையில் இருக்கும் நாளில் எடுங்கள், ஆனால் கடலிலிருந்து வந்த மறுநாளே வேண்டாம், இரண்டு ராத்திரி ஒழுங்காகத் தூங்கிவிட்டு எடுங்கள். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்களுக்கும் அப்படித்தான். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம், சவூதிக்கு இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், ஆனாலும் ராத்திரி விமானமும் ஏர்போர்ட் காத்திருப்பும் சேர்ந்து தூக்கத்தைக் குழப்பிவிடும். வந்து ஒரு வாரம் கழியட்டும்.

தொந்தரவு மாதத்தில் ஒரு முறைதான் வருகிறது என்றால் 24 மணி நேரத்தில் அது அகப்படுவது அதிர்ஷ்டம். 48 மணி நேரப் பதிவு, அல்லது பல நாள் ஒட்டி வைக்கும் பேட்ச் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். செலவு கூடும், ஆனால் ஒன்றும் அகப்படாத ரிப்போர்ட்டுக்குக் கொடுக்கும் காசைவிட அது உபயோகம்.

5. மாட்டும் நாள் காலை

சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுப் போங்கள், அடுத்த குளியல் கழற்றிய பிறகுதான். இரண்டு வேளை குளித்துப் பழகிய நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். மார்பில் தேங்காய் எண்ணெய், பவுடர், க்ரீம் எதுவும் கூடாது. எண்ணெய் இருந்தால் ஸ்டிக்கர் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

ஆண்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில் முடியை மழிப்பார்கள். வேறு யாருக்கும் பயன்படுத்தாத புது பிளேடா என்று கேட்க வெட்கப்படாதீர்கள், வேண்டுமானால் நீங்களே ஒரு ரேசர் வாங்கிப் போங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த தளர்ந்த காட்டன் சட்டை. பெண்களுக்கு முன்பக்கம் திறக்கும் மேல்சட்டையோ தளர்ந்த சுடிதாரோ வசதி, ஒட்டிவிடப் பெண் டெக்னீஷியன் வேண்டும் என்று முந்தின நாளே ஃபோனில் சொல்லிவிடுங்கள். கழுத்தில் கிடக்கும் செயின், ஜெபமாலை, உத்தரியம் இவை ஸ்டிக்கரில் உரசினால் பதிவில் கீறல் கீறலாக விழும். கழற்ற மனமில்லை என்றால் சட்டைக்கு வெளியே போட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டி முடித்ததும் உடனே எழுந்து வராதீர்கள். ஒவ்வொரு வயரையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள், வயரில் ஒரு சின்ன வளையம் விட்டு அதன்மேல் டேப் ஒட்டச் சொல்லுங்கள், இழுபட்டாலும் ஸ்டிக்கர் வராது. கூடுதலாக ஒரு நீளம் மெடிக்கல் டேப் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தொந்தரவு வரும் நேரத்தைக் குறிக்கப் பெட்டியில் ஒரு பட்டன் இருக்கும், அது எங்கே இருக்கிறது, எப்போது அமுக்க வேண்டும் என்று கேளுங்கள். அப்புறம் மிக முக்கியமாக, பெட்டியில் ஓடும் கடிகாரமும் உங்கள் ஃபோன் கடிகாரமும் ஒன்றா என்று பாருங்கள். பத்து நிமிடம் வித்தியாசம் இருந்தால் நீங்கள் எழுதும் குறிப்பு எல்லாம் வேறு துடிப்புக்குப் போய்ச் சேரும்.

ஒட்டும் நேரம் அரை மணி. ஆனால் மார்த்தாண்டம் பக்கம் மாலையில் மேம்பாலத்துக்குக் கீழே நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, காலை ஒன்பது பத்து மணிக்கே முடித்துவிடுவது மேல். மறுநாள் அதே நேரத்துக்குக் கழற்றப் போக வேண்டும்.

6. கருவியோடு 24 மணி நேரம்

வழக்கம்போல் இருங்கள். வேலைக்குப் போங்கள், மாடி ஏறுங்கள், சாயா குடிக்கிறவர்கள் குடியுங்கள். கருவி மாட்டியிருக்கிறதே என்று நாள் முழுக்கக் கட்டிலில் சாய்ந்து கிடந்தால் கட்டிலில் சாய்ந்து கிடக்கும் இதயத்தின் ரிப்போர்ட்தான் வரும். குளம், ஆறு, கடல் மட்டும் வேண்டாம். ஃபோனை பெட்டியோடு ஒட்டி ஒரே பையில் போடாதீர்கள்.

டைரிதான் எல்லாம். லேபில் ஒரு தாள் கொடுப்பார்கள், நிறைய பேர் மறுநாள் காலை லேப் வாசலில் நின்று நினைவிலிருந்து எழுதி நிரப்புகிறார்கள், அது வீண். நடக்க நடக்க எழுதுங்கள். இந்த மாதிரி:

9.40 மாட்டியது. 10.15 வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஓடிப் போய் ஏறினேன். 11.00 சாயா. 1.30 மரச்சீனியும் மீன் குழம்பும். 2.10 முதல் 2.50 வரை தூக்கம். 4.20 சும்மா உட்கார்ந்திருக்கும்போது இரண்டு முறை "டக்" என்று விட்டு அடித்தது, பட்டன் அமுக்கினேன். 6.30 கோயில் வரை நடை. 8.00 போனில் தம்பியோடு வாக்குவாதம். 10.30 படுத்தேன். 3.00 பாத்ரூம். 5.50 முழிப்பு, பத்து நிமிடம் கழித்துக் கட்டிலிலிருந்து இறங்கினேன்.

முழித்த நேரமும் எழுந்து நின்ற நேரமும் தனித்தனியாக இருக்கட்டும், இரண்டுக்கும் துடிப்பு வேறு. வாக்குவாதத்தை எழுதக் கூச்சப்பட்டால் "கோபம்" என்று ஒரு வார்த்தை போதும். முந்தின நாள் குடித்திருந்தால் அதையும் எழுதுங்கள். சாயங்காலம் குடித்தால் ராத்திரி இறங்க வேண்டிய துடிப்பு இறங்காது, டாக்டர் அதற்கு வேறு காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

தூங்கும்போது மல்லாந்தோ ஒரு பக்கமாகவோ படுங்கள், குப்புற வேண்டாம். ராத்திரி ஸ்டிக்கர் கழன்றால் அதே இடத்தில் அமுக்கி மேலே டேப் போட்டுவிட்டு நேரத்தைக் குறித்துவையுங்கள். அரிப்பு சாதாரணம்தான். தோல் தடித்துக் கொப்பளம் வந்தால் மட்டும் லேபுக்கு ஃபோன் செய்யுங்கள்.

7. ரிப்போர்ட் வந்ததும், முதலில் கடிகாரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

ஒன்று முதல் மூன்று நாளில் தருவார்கள். முதல் பக்கத்தில் குறைந்த துடிப்பு, கூடிய துடிப்பு, சராசரி என்று மூன்று எண் இருக்கும். எல்லாரும் அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அது எத்தனை மணிக்கு வந்தது என்று முதலில் பாருங்கள்.

ஆரோக்கியமான மனிதனுக்குத் துடிப்பு ஒரு நாளில் மேலே போய்க் கீழே வரும். ஆழ்ந்த தூக்கத்தில், பெரும்பாலும் விடியற்காலை 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே, மிகக் குறைவு. பெரியவர்களுக்கு அந்த நேரத்தில் நாற்பதுகளில் போவது சகஜம், ஓட்டப்பந்தய வீரர்களுக்கு முப்பதுகளிலும் போகும். விடியும் தறுவாயில் கனவு வரும் தூக்கம் அதிகம், அப்போது ஏறி இறங்கித் தாறுமாறாக இருக்கும். முழிப்பதற்குச் சற்று முன்பே ஏறத் தொடங்கி, எழுந்து நின்றதும் 10 முதல் 20 வரை கூடி, முற்பகலிலும் பிற்பகலிலும் உச்சத்தில் நின்று, சாயங்காலத்துக்குப் பிறகு மெல்ல இறங்கும். சாப்பிட்டதும் கொஞ்சம் ஏறும், மத்தியானத் தூக்கத்தில் இறங்கும். பகல் சராசரிக்கும் ராத்திரி சராசரிக்கும் பத்து முதல் இருபது துடிப்பு வரை இடைவெளி இருந்தால் நல்ல சேதி.

காரணம் எளிது. ராத்திரியில் வேகஸ் என்ற நரம்பு பிடியை இறுக்கி இதயத்தை நிதானப்படுத்துகிறது, காலையில் மற்றொரு நரம்புக் கூட்டமும் அட்ரினலினும் கார்டிசோலும் சேர்ந்து அதைத் துரத்துகின்றன. உடம்புக்குள் ஓடும் கடிகாரம் இதில் பாதி, நீங்கள் நடப்பதும் படுப்பதும் மீதி.

கவனிக்க வேண்டியது ராத்திரி இறங்காத கோடு. பகலும் ராத்திரியும் ஒரே மட்டத்தில் போனால் தூக்கம் கெட்டதா, குடியா, காய்ச்சலா, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா, நீண்ட நாள் சர்க்கரை நோயால் நரம்பு பாதித்திருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். 44 என்ற எண்ணைக் காட்டி அழுகிறவர்களைவிட, ராத்திரி 85-ல் ஓடுவதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள்தான் எனக்குக் கவலை.

மெஷின் தானாக அடிக்கும் வார்த்தைகளைக் கண்டு பயப்படாதீர்கள். 60-க்குக் கீழே போனாலே "பிராடிகார்டியா" (மெதுவான துடிப்பு) என்று அடித்துவிடும், பனையேறுகிறவருக்கும் தினமும் ஓடிப் பழகினவருக்கும் உட்கார்ந்திருக்கும்போதே ஐம்பதுகளில் ஓடலாம். அங்கொன்று இங்கொன்றாக "எக்டோபிக்" என்று கூடுதல் துடிப்பு ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். மகளின் ரிப்போர்ட்டில் "சைனஸ் அரித்மியா" என்று இருந்தது, அந்த "அரித்மியா"வை (தாளம் தவறும் துடிப்பு) பார்த்து வீடே கலங்கிவிட்டது. மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாகி, விடும்போது மெதுவாவதற்குத்தான் அந்தப் பெயர். இளவயதில் அது நன்றாகத் தெரிவது நல்ல இதயத்தின் அடையாளம். நீங்களே மணிக்கட்டில் நாடி பிடித்து மூச்சை நிதானமாக இழுத்து விட்டுப் பார்க்கலாம்.

8. அடுத்து, வயதோடு சேர்த்துப் பாருங்கள்

பிறந்த குழந்தைக்கு முழித்திருக்கும்போது பெரும்பாலும் நிமிடத்துக்கு 100-க்குக் கீழே போகாது, அழுதால் 180-ஐத் தாண்டும். பகல் ராத்திரி வித்தியாசமும் பிறந்த உடனே இருக்காது, முதல் சில மாதங்களில்தான் உருவாகும். பள்ளிக்கூட வயதில் முழித்திருக்கும்போது 75 முதல் 118 வரை, பதின்ம வயதில் பெரியவர்கள் மாதிரி 60 முதல் 100 வரை. அதனால் ஆறு வயதுக் குழந்தைக்கு உங்கள் வாட்சைக் கட்டிவிட்டு 110 என்று பார்த்துப் பதற வேண்டாம்.

பெரியவர்களானபின் சும்மா இருக்கும் துடிப்பு வயதோடு பெரிதாக மாறுவதில்லை. மாறுவது உச்சம். 208-லிருந்து வயதில் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் உத்தேச உச்சம் கிடைக்கும்: 20 வயதுக்கு 194, 40-க்கு 180, 70-க்கு 159. இது சராசரி, ஆளுக்கு ஆள் பத்து பன்னிரண்டு கூடும் குறையும். மாமனார் வேகமாக நடந்தும் 120-ஐத் தாண்டவில்லை, அவருக்கு அது போதும். வயதானவர்களுக்குப் பகல் ராத்திரி இடைவெளியும் கொஞ்சம் சுருங்கும்.

9. எச்.ஆர்.வி. பக்கம்

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒவ்வொன்றும் சரியாக ஒரு செகண்ட் இடைவெளியில் விழுகிறது என்று அர்த்தமில்லை. ஒன்று 0.95, அடுத்தது 1.04 என்று மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாறுதலின் அளவுதான் எச்.ஆர்.வி. ரிப்போர்ட்டில் இதற்கு இரண்டு எண் முக்கியம், இரண்டும் மில்லி செகண்டில் வரும்.

எஸ்.டி.என்.என். என்பது நாள் முழுக்க உள்ள மொத்த மாறுதல். 24 மணி நேரத்துக்கு இயல்பான பெரியவர்களின் சராசரி 141, கூட்டல் கழித்தல் 39 என்று 1996-இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் நிபுணர் குழு வெளியிட்ட வழிகாட்டலில் இருக்கிறது. ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்பது அடுத்தடுத்த துடிப்புகளுக்கு நடுவே உள்ள மாறுதல், வேகஸ் நரம்பின் வேலையைக் காட்டுவது.

இரண்டும் வயதோடு குறையும், ஆனால் ஒரே மாதிரி இல்லை. 10 வயது முதல் 99 வரை ஆரோக்கியமான 260 பேருக்கு ஹோல்டர் மாட்டி 1998-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அதன்படி ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. பதின்ம வயதில் 50-ஐ ஒட்டி, இருபதுகளில் நாற்பது சொச்சம், ஐம்பதுகளில் 25-க்கு வந்துவிடும், அதற்குப் பிறகு பெரிதாக இறங்குவதில்லை. எஸ்.டி.என்.என். பதின்ம வயதில் 170-க்கு மேல், இருபதுகளில் 150-ஐ ஒட்டி, ஐம்பதுகளில் 120 வாக்கில், மெதுவாகவே இறங்குகிறது. முப்பதுக்கு உட்பட்ட பெண்களுக்கு எஸ்.டி.என்.என். ஆண்களைவிடக் குறைவு, ஐம்பதுக்கு மேல் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. 50 வயதுக்காரர் கல்லூரி படிக்கும் மகனின் எண்ணோடு போட்டி போடுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லத்தான் இத்தனை எண்கள்.

இங்கே மூன்று குழிகள் உண்டு.

ஐந்து நிமிடப் பதிவில் வரும் எஸ்.டி.என்.என்.-ஐ 24 மணி நேர எண்ணோடு ஒப்பிடுவது முதல் குழி. ஐந்து நிமிடத்துக்கு 50 என்பது சாதாரணம். அதே 50 ஒரு நாள் முழுக்க எடுத்ததில் வந்தால் ரொம்பக் குறைவு. பகல் ராத்திரி ஏற்ற இறக்கம் நீண்ட பதிவில் மட்டும்தான் சேரும்.

"100-க்குக் குறைந்தால் ஆபத்து, 50-க்குக் குறைந்தால் பேராபத்து" என்று சுற்றுகிற கணக்கு இரண்டாவது. அது மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை வைத்துப் போட்டது. 65 வயதுக்கு மேல் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் அந்த அளவுக்குக் கீழே போகலாம் என்று மேலே சொன்ன அதே ஆய்வு சொல்கிறது.

கூடினால் எப்போதும் நல்லது என்று நினைப்பது மூன்றாவது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறில் இடைவெளி கண்டபடி மாறுவதால் எச்.ஆர்.வி. எகிறும். கூடுதல் துடிப்புகள் நிறைய இருந்தாலும், ஸ்டிக்கர் நழுவியிருந்தாலும் அப்படித்தான். வயதானவருக்குத் திடீரென்று இளைஞனின் எண் வந்தால் சந்தோஷப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

10. வாட்ச் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு

எச்.ஆர்.வி. என்று உங்கள் வாட்ச் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆப்பிள் வாட்ச் எஸ்.டி.என்.என். (பதிவு முழுக்க உள்ள மொத்த மாறுதல்) காட்டும், ஃபிட்பிட்டும் கார்மினும் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. (அடுத்தடுத்த துடிப்புகளுக்கு நடுவே உள்ள மாறுதல்) காட்டும். அண்ணன் வாட்சில் உள்ளதையும் உங்கள் வாட்சில் உள்ளதையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதே தப்பு.

வாட்ச் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சிக் கணக்குப் போடுகிறது. கை ஆடினால், பட்டை தளர்ந்தால் கணக்கு கெடும். தூங்கும்போதும் அசையாமல் இருக்கும்போதும் ஓரளவு நம்பலாம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள்.

தினமும் ஒரே மாதிரி எடுப்பதுதான் விஷயம். காலையில் முழித்து, பாத்ரூம் போய்விட்டு வந்து, காப்பிக்கு முன்பு, மல்லாந்து படுத்து இரண்டு நிமிடம் சும்மா இருந்துவிட்டு, ஐந்து நிமிடம் பேசாமல் சாதாரணமாக மூச்சு விட்டு எடுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள், ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். அதுவும் உங்கள் போன மாத சராசரியோடு மட்டும். நேற்று 52, இன்றைக்கு 31 என்பது தூக்கம், சாப்பாடு, சூடு, சண்டை எதுவாகவும் இருக்கலாம். பத்து நாளுக்கு மேல் சும்மா இருக்கும் துடிப்பு உங்கள் வழக்கத்தைவிட ஏறியே நின்று, கூடவே அசதியும் இருந்தால் அப்போது டாக்டரைப் பாருங்கள்.

11. ரிப்போர்ட்டோடு டாக்டரிடம்

டைரியின் நகலும் ரிப்போர்ட்டும் சேர்ந்தே போகட்டும். கேட்க வேண்டியது இரண்டுதான்: நான் பட்டன் அமுக்கிய நேரத்தில் பதிவில் என்ன இருந்தது, ராத்திரி இறக்கம் என் வயதுக்கு இயல்பா. மற்ற எல்லாம் அவராகவே சொல்வார்.

லேபில் ரிப்போர்ட்டை பி.டி.எஃப். ஆகவும் வாங்கி உங்கள் மெயிலுக்கே அனுப்பச் சொல்லுங்கள். இ.சி.ஜி. துண்டு வழுவழுப்பான வெப்பத் தாளில் இருந்தால் அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள், நம் ஊர்ச் சூட்டில் அலமாரியில் கிடந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் கோடு மங்கிப்போகும். ஜெராக்ஸின் மூலையில் தேதி, உங்கள் வயது, அப்போது சாப்பிட்ட மாத்திரை மூன்றையும் பேனாவால் எழுதி வையுங்கள்.